விளக்கும் விளம்பரமும்

'வாழ்ந்து காட்டுதல்' என்றொரு தொடர் நம்மிடையே வழங்கி வருகிறது. வாயாற் போதிப்பதிலும் வாழ்ந்து காட்டுவதே மேலென்று மேடையிலும் வகுப்பறையிலும் நாம் அடிக்கடி கூறுகிறோம். ஆயின், அத்தொடரின் அமைப்பை நின்று நோக்குவதில்லை. அதிலுள்ள வினைகள் இரண்டு: வாழ்தல் ஒன்று, காட்டுதல் மற்றொன்று. இலக்கணம் கற்பிக்கும்போது முன்னதை முதல்வினை என்றும் பின்னதைத் துணைவினை என்றும் மாணவர்க்கு விளக்குகிறோம். துணையாக நிற்க வேண்டியது தலைமை பெற்றுவிட்டால் வாக்கியம் மட்டுமன்று, வாழ்க்கையே பிழைபட்டுப் போகும். பிறர் காண வேண்டும் என்பதற்காகவே வாழப்படும் நல்வாழ்வு நல்வாழ்வுதானா? வள்ளுவர் கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தைத் துறவறவியலினுள்ளேயே அமைத்திருப்பது சிந்தனைக்குரியது. பிறர் வணங்கத்தக்க கோலம் எங்கே உண்டோ, அங்கேதான் வேடத்துக்கும் இடமுண்டு.

இவ்வினாவைக் கிறிஸ்தவ சமயத்தை முன்னிறுத்தி ஆராய்வது பொருந்தும். ஏனெனில், தன்னைப் பின்பற்றுவோர் ஒவ்வொருவரும் பிறர்க்கு எடுத்துக்காட்டாக விளங்க வேண்டும் என்பதை அச்சமயம் வெளிப்படையான கடமையாகவே விதித்திருக்கிறது. அதே வேளையில், அதன் வேதநூலே இதுபற்றி இருவேறு குரல்களிற் பேசுகிறது. இயேசுவின் மலைப்பிரசங்கத்தில், விளக்கை ஏற்றுவோர் அதனை மரக்காலின் கீழ் மூடிவைப்பதில்லை என்றும், நல்லோர் செயல்களை உலகம் காண வேண்டும் என்றும் ஓரிடத்தில் வருகிறது. சற்றுத் தள்ளி அதே பிரசங்கத்தில், பிறர் காணத் தருமம் செய்யாதே, பிறர் காணத் தெருமுனையில் நின்று செபம் செய்யாதே என்ற எச்சரிக்கையும் வருகிறது. காட்டு என்கிறது ஒரு கட்டளை. காட்டாதே என்கிறது மற்றொன்று. இவை முரண்பாடா? நாம் அவ்வாறு கருதவில்லை. விளக்கு ஏற்றப்படுவது வீட்டிலுள்ளோர் தம் வழியையும் ஒருவர் மற்றவர் முகத்தையும் காண்பதற்காகவே. விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பதற்காக அன்று. தன்னை மட்டுமே காட்டிக்கொள்ளும் வெளிச்சம் விளக்கன்று, விளம்பரம்.

இந்த வேறுபாட்டை வெறும் சொல்லளவில் விட்டுவிடாது, நமக்குத் தெரிந்த மண்ணில் வைத்துப் பார்ப்போம்.

கல்முனைக்குத் தெற்கே கடலோரமாக அமைந்துள்ளது காரைதீவு. கண்ணகியம்மன் கோயிலை நடுவாகக் கொண்ட இந்துத் தமிழர் ஊர் அது. அதன் வடக்கே மாளிகைக்காடும் சாய்ந்தமருதும், தெற்கே நிந்தவூரும் முஸ்லிம் ஊர்கள். கிறிஸ்தவர் இப்பகுதியில் மிகச் சிறு தொகையினர். ஆகவேதான் இவ்விடம் நம் ஆராய்ச்சிக்கு ஏற்றது என்கிறோம். ஒரு சமயத்தவரின் முன்மாதிரி எத்தகையது என்பதை அச்சமயத்தவரே மதிப்பிடுவது தம் கையால் தமக்கே புள்ளியிடுவது போன்றது. அயலான் இடும் புள்ளியே செல்லும்.

கிழக்கிலங்கைக்கு மெதடிஸ்த திருச்சபை வந்த கதை 1814 இல் தொடங்குகிறது. அவ்வாண்டு இலங்கையை அடைந்த முதற் குழுவினருள் வில்லியம் ஓல்ட் என்பவர் மட்டக்களப்புக்கு வந்தார். வரும் வழியிலேயே அவர் மனைவி கடலில் இறந்துபோனார். தனியராய் வந்து புளியந்தீவிற் குடியேறி, பாடசாலைகளைத் தொடங்கிய அவர், 1815 ஏப்பிரிலில், வந்து ஓராண்டுகூட நிறையுமுன் நோயுற்று மாண்டார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தோற்றத்தை அந்த 1814 ஆம் ஆண்டிலிருந்தே கணக்கிடுகிறது.

இதனை மட்டும் கூறி நிறுத்தினால் நாம் பாதி வரலாற்றைக் கூறியவர்களாவோம். பாதிரிமார் ஏறிவந்த கப்பல்கள் பேரரசின் பாதையிலேயே வந்தன. அவர்களுக்கு முன்பிருந்த ஒல்லாந்தர் ஆட்சியில் அரச பதவி வேண்டுவோர் சீர்திருத்தச் சபையின் ஞானஸ்நானம் பெறவேண்டியிருந்தது. விளைவு யாது? பதிவேட்டில் இலட்சக்கணக்கான கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். 1796 இல் ஆட்சி ஆங்கிலேயர் கைக்கு மாறியதும் அவர்களிற் பெரும்பாலோர் தத்தம் பழைய கோயில்களுக்கே திரும்பிவிட்டார்கள். உத்தியோகத்தைக் காட்டிச் சேர்த்த கூட்டம் உத்தியோகத்தோடு கலைந்தது. பிற்காலத்திலும் ஆங்கிலக் கல்வி, ஆசிரியர் நியமனம், எழுதுவினைஞர் பதவி ஆகியன சமயமாற்றத்துக்குத் தூண்டிலாயின என்ற குற்றச்சாட்டு வெறும் கற்பனையன்று. அரசாங்க நன்கொடையில் நடந்த பாடசாலைகள் மிகுதியாகச் சமயச் சபைகளின் பிடியில் இருந்ததை மாற்றவே 1960 ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அதனை முற்போக்காளர் வரவேற்றதில் நியாயம் உண்டு.

சமயம் மாறியோரிடையேயும் சமத்துவம் நிலைத்ததா? திருநெல்வேலிப் பகுதியிலுள்ள வடக்கன்குளத்தில் 1872 இற் கட்டிய கத்தோலிக்க ஆலயத்தில், இரு சாதியாரும் ஒருவர் முகத்தை ஒருவர் காணாதபடி தனித்தனியே நின்று வழிபட இரட்டை மண்டபம் அமைத்தார்கள். நடுவே இருந்த சுவர் 1910 இலேயே இடிக்கப்பட்டது. பீடத்தில் ஏற்றிய மெழுகுதிரி ஒன்றே. அதன் ஒளியைக் காணும் மக்களுக்கிடையிலோ மதில். அந்த ஆலயத்தைக் கண்ட அயலான் கிறிஸ்தவத்தைப் பற்றி என்ன கற்றுக்கொண்டிருப்பான்? எடுத்துக்காட்டு என்பது நாம் விரும்பும்போது திறந்து, விரும்பாதபோது மூடும் கடையன்று. நமது சுவர்களும் எடுத்துக்காட்டாகத்தான் நிற்கின்றன.

இனி, காரைதீவுக்குத் திரும்புவோம். 1892 இல் அவ்வூரிற் பிறந்த மயில்வாகனம் என்ற சிறுவன் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், பின்னர் மட்டக்களப்பில் யேசு சபைத் துறவிகள் நடத்திய புனித மிக்கேல் கல்லூரியிலும் கற்றான். வளர்ந்து, அதே மிக்கேல் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் ஆசிரியப்பணி புரிந்தார். இளமைக்காலக் கல்வியும் தொழிலும் பெரும்பகுதி கிறிஸ்தவக் கூரையின் கீழேயே கழிந்தன எனலாம். அவர் கிறிஸ்தவராகவில்லை. மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர் பதவியைத் துறந்து, 1922 இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்து, 1924 இல் துறவு பூண்டு விபுலாநந்தரானார்.

ஆள் கணக்குப் பார்க்கும் பிரசாரகர் ஒருவர் தம் குறிப்பேட்டில் மயில்வாகனத்தின் பெயரை நட்டப் பக்கத்திலேயே எழுதியிருப்பார். ஆனால், அத்துறவி பின்னர் செய்தது என்ன? கல்லடி உப்போடையில் 1929 இல் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடக்கினார். இராமகிருஷ்ண சங்கப் பாடசாலைகளை முகாமை செய்து கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி கிடைக்கச் செய்தார். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தபோது, பகலிற் பல்கலைக்கழகத்தில் விரிவுரை நிகழ்த்தியவர், மாலையில் அருகிலிருந்த திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். 1947 இல் அவர் மறைந்தபோது யாழ் நூலாசிரியர் என்று உலகம் போற்றியது. திருவேட்களத்து இரவுப் பாடசாலையை நாம் அந்நூலுக்கு இணையாகவே மதிக்கிறோம்.

இதற்கெல்லாம் மிக்கேல் கல்லூரியே காரணம் என்று சாதிப்பது நம் நோக்கமன்று. விவேகானந்தர் 1897 இல் நிறுவிய சங்கத்தின் சேவை மார்க்கத்துக்கு வேதாந்தத்தினுள்ளேயே வேருண்டு. ஆயினும் ஒன்று கண்கூடு. ஊதியத்தை எண்ணாத துறவி ஒருவர் பிள்ளைகளுக்குக் கணிதமும் மொழியும் கற்பித்துக்கொண்டே தம் வாழ்நாளைக் கழிக்கலாம் என்பதை அச்சிறுவன் நூலிற் படிக்கவில்லை. நாள்தோறும் வகுப்பறையில் நேரிற் கண்டான். அந்த வாழ்க்கையை அவன் தன் சமயத்தில், தன் மொழியில், தன் மக்களுக்காக வாழ்ந்தான். முன்மாதிரி என்பதன் உண்மைப் பரீட்சை இதுவே என்று நாம் துணிகிறோம். நம்மைக் கண்டவர் நம்மவராகிவிட்டாரா என்பதன்று கேள்வி. நம்மவராகாமலே அவர் தம் இடத்தில் நின்று மேலும் நல்லவரானாரா என்பதே கேள்வி. கூட்டத்திற் சேராதவனிடத்திலும் பலன் கேளாது முளைக்கும் வித்தே நல்ல வித்து.

இன்னும் ஒரு படி செல்லலாம். பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுகநாவலர், 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பாடசாலை, அச்சுக்கூடம், பாடப்புத்தகம், பிரசங்கம் எனப் பாதிரிமாரின் கருவிகள் யாவும் அவர் கையிற் புது வலிமை பெற்றன. தமிழ் உரைநடை அவருக்குப் பட்ட கடன் பெரிது. ஆயினும், சாதிக் கட்டுப்பாட்டை அவர் எதிர்த்து நின்றாரல்லர். ஆகவே, பிறர் நம்மிடமிருந்து நம் கருவிகளை மட்டும் எடுத்துக்கொள்வதும் உண்டு. அதற்கு அவர்களை மட்டும் குறைகூறலாகாது. வடக்கன்குளத்தில் மதில் நின்ற காலத்தில், மதிலை இடிக்கும் பாடத்தை யார் யாருக்குக் கற்பித்திருக்க முடியும்? நம் வாழ்க்கையில் இல்லாத ஒன்றை நம் வாழ்க்கையிலிருந்து எவரும் கற்கவியலாது.

இவ்விடத்தில் முற்போக்கு நண்பர் ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: "தனிமனிதர் சிலரின் நற்குணம் சமுதாய அநீதியை மாற்றுமா? நல்ல பாதிரியார் ஒருவர் கெட்ட அமைப்புக்குப் போர்த்தும் பட்டன்றோ? பசித்தவனுக்குச் சோறிடுவோரை வாழ்த்துகிறோம். பசி ஏன் வந்தது என்று கேட்போர் யார்?" இக்கேள்வியை நாம் முழு மனத்துடன் ஏற்கிறோம். இரக்கம் நீதிக்குப் பதிலாகாது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல்கோள் இக்கரையை விழுங்கியபின், நிவாரணப் பொதியோடு மதப் பிரசுரத்தையும் சேர்த்து நீட்டிய சில குழுக்கள்மீது மக்கள் சினமுற்றது நியாயமே. அனைத்தையும் இழந்து நிற்பவன் முன் நம் சமயத்தின் பெயரை உரத்துக் கூறுவது, அவன் இல்லையென்று சொல்லவியலாத வேளை பார்த்துக் கேள்வி கேட்பதாகும். அதே நாட்களில் இடிபாடுகளுக்கிடையிற் பிணங்களைத் தேடியெடுத்த கைகள், இது எச்சமயத்தவன் உடல் என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அங்கே விளக்கு எது, விளம்பரம் எது என்று விளக்கவும் வேண்டுமோ?

ஆனால், கிறிஸ்தவ வாழ்வு இரக்கத்தோடு நின்றுவிடவில்லை என்பதற்கும் இதே கிழக்கு மண் சான்று தருகிறது. தமிழ்க் கிறிஸ்தவர் 'சாட்சி' என்ற சொல்லை ஆழ்ந்த பொருளில் வழங்குவர். சாட்சி என்பவன் யார்? நீதிமன்றத்தில் நின்று தன்னைப் பற்றியன்று, தான் கண்டதைப் பற்றிப் பேசுபவன். கிரேக்க மொழியிற் சாட்சியைக் குறித்த சொல்லே காலப்போக்கில் உண்மைக்காக உயிர் துறந்தவரைக் குறிக்கலாயிற்று. அவரைத் தமிழிலும் 'இரத்தசாட்சி' என்கிறார்கள். முன்மாதிரி என்னும் சொல் மனிதனைத் தன்னைப் பார்க்கச் செய்கிறது. சாட்சி என்னும் சொல்லோ அவனை அயலானைப் பார்க்கச் செய்கிறது.

மட்டக்களப்பு மரியன்னை ஆலயப் பங்குத்தந்தை சந்திரா பெர்னாண்டோ, பிரசைகள் குழுவின் தலைவராகவும் இருந்தார். படைகள் பிடித்துச் சென்ற இளைஞர்களைத் தேடி அலைந்த தாய்மார்க்கு முறையிட ஓர் இடம் வேண்டியிருந்த காலம் அது. 1988 ஜூன் 6 ஆம் நாள் அவர் ஆலய வளவினுள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலிருந்து வந்து, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளை இம்மண்ணிற் கழித்த யேசு சபைத் துறவி யூஜின் ஹேபர்ட், மிக்கேல் கல்லூரி மாணவருக்குக் கூடைப்பந்தாட்டம் பயிற்றியவர் என்றே ஊரில் அறியப்பட்டிருந்தார். 1990 ஆகஸ்டு மாதம் கிழக்கு இரத்தத்தில் தோய்ந்தது. காத்தான்குடியில் தொழுகையில் நின்ற முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள், ஏறாவூரிலும் கொல்லப்பட்டார்கள், தமிழ்க் கிராமத்தவரும் கொல்லப்பட்டார்கள். சமாதானக் குழுவில் உழைத்துவந்த அத்துறவி, அம்மாதம் 15 ஆம் நாள் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், உடன் வந்த தமிழ் இளைஞரோடு காணாமற் போனார். இன்றுவரை இருவர் உடலும் கிடைக்கவில்லை.

இவர்கள் தம்மை எடுத்துக்காட்டாக நிறுத்த எண்ணியிருந்தால், அதற்கு இடர் குறைந்த வழிகள் பல இருந்தன. அமெரிக்கருக்குத் திரும்பிச் செல்லத் தாய்நாடு இருந்தது. பங்குத்தந்தைக்குத் தம் பீடத்தோடு நின்றுகொள்ளலாம் என்ற நியாயம் இருந்தது. அவர்கள் தேர்ந்தது வேறு. அவர்களைக் கொன்றவர்களுக்கும் கடத்தியவர்களுக்கும் அவர்களது பக்தி இடைஞ்சலாக இருந்திருக்க முடியாது. இழந்தவர் சார்பில் கேள்வி கேட்கும் வாய்களே இடைஞ்சல். பசி ஏன் வந்தது என்று கேட்போர் யார் என்று வினவிய நண்பருக்கு இதுவே நம் மறுமொழி. எல்லாக் கிறிஸ்தவரும் கேட்கவில்லை. எல்லா முற்போக்காளரும் கேட்கவில்லை. கேட்டவர்களுட் சிலர் அங்கி அணிந்திருந்தார்கள்.

சாட்சியின் கடினமான இலக்கணம் ஒன்று இன்னும் உண்டு. பகைவர் செய்த கொடுமையைக் கூற எவராலும் இயலும். நம்மவர் செய்ததைக் கூறுவதே அரிது. 1983 ஜூலையில் தமிழர்மீது நிகழ்ந்த வெறியாட்டத்தின் பின்னர், குருநாகல் அங்கிலிக்கன் பேராயரான லக்ஷ்மன் விக்கிரமசிங்க, தாம் பிறந்த சிங்கள மக்களை நோக்கி, இது நம் வெட்கம் என்று ஏற்றுக்கொள்ளுமாறு தம் மறைமாவட்டப் பேருரையில் வேண்டினார். அவ்வாண்டு ஒக்டோபரிலேயே காலமானார். தன் கூட்டத்தின் நடுவே நின்று தன் கூட்டத்துக்கு உண்மை கூறிய அக்குரலே தமிழர் காதில் அவர் சமயத்தின் ஒளியாக விழுந்தது.

அண்மைக்காலச் சோதனை ஒன்றையும் எண்ணிப் பார்ப்போம். 2019 ஏப்பிரில் 21 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திற் குண்டு வெடித்தது. மாண்டோருட் பலர் சிறுவர். ஐந்து நாள் கழித்துச் சாய்ந்தமருதில், காரைதீவுக்குக் கூப்பிடு தொலைவில், அக்கொலைகாரரைச் சேர்ந்தோர் பதுங்கியிருந்த வீட்டிற் குண்டுகள் வெடித்தன. அங்கும் குழந்தைகள் மாண்டார்கள். அதனைத் தொடர்ந்து நாட்டின் பல பகுதிகளிலும் குற்றமற்ற முஸ்லிம் மக்கள்மீது பழி விழுந்தது. அவர்தம் கடைகளிற் பொருள் வாங்கலாகாது என்ற பிரசாரம் பரவியது. பிள்ளைகளைப் பறிகொடுத்த சபையிலிருந்தோ பழிக்குப் பழி என்ற குரல் எழவில்லை. அதற்கு நாம் தலைவணங்குகிறோம்.

ஆயின், ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பாதிக்கப்பட்டவன் தானாக மன்னிப்பது அவனுடைய பெருமை. மன்னித்து எடுத்துக்காட்டாக விளங்கு என்று அவனுக்கு ஆணையிடுவது மற்றவர்களின் சிறுமை. முன்னெச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறிய அரசிடமும், பின்னால் இருந்தோரிடமும் உண்மையைக் கோரும் உரிமை மன்னித்தவனுக்கும் உண்டு. கிறிஸ்தவத் தலைவர்கள் ஆண்டுதோறும் அவ்வுண்மையைக் கேட்டு நிற்பது மன்னிப்புக்கு முரணன்று, அதன் மறுபாதி. ஒடுக்கப்பட்டோரின் பொறுமையைப் புகழ்ந்தே ஒடுக்குமுறையை நீடிக்கச் செய்வது பழைய தந்திரம். அதற்கு எச்சமயமும் துணைபோகலாகாது.

இதுகாறும் கிறிஸ்தவரைப் பற்றிப் பேசினோம். பேசுதல் எளிதாகவும் இருந்தது; பிறர் வீட்டு விளக்கில் திரி கருகியிருப்பதைக் கண்டு சொல்ல அதிக முயற்சி வேண்டியதில்லை. நம் கதை என்ன? சமயத்தில் நம்பிக்கையற்ற நம்மிடத்தும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. மனிதர் யாவரும் சமம் என்பதே அது. அதனை நாம் எவ்வாறு வாழ்கிறோம்? வகுப்பறையிற் சமத்துவம் கற்பித்துவிட்டு, மாலையில் பணம் கட்டக்கூடியவர்க்கு மட்டும் பிரத்தியேக வகுப்பு நடத்துகிறோம். சாதியை ஒழிக்கக் கட்டுரை எழுதிவிட்டு, பிள்ளையின் கலியாணப் பேச்சில் அதே சாதியை மெல்லிய குரலில் விசாரிக்கிறோம். கல்முனையின் நிருவாக எல்லை எங்கே என்ற பிணக்கில் 2019 இல் இரு சமூகத்தவரும் வீதிக்கு வந்தபோது, நம்முட் பலர் மனிதராகப் பேசுமுன் தமிழராகவோ முஸ்லிம்களாகவோதான் பேசினோம். நம் மாணவர் நம் கட்டுரைகளை மறந்துவிடுவர். அந்த மெல்லிய குரலை மறக்கமாட்டார்கள்.

எடுத்துக்காட்டாக விளங்கப் போகிறோம் என்று உறுதிபூண எவரையும் நாம் கேட்கவில்லை. அவ்வுறுதியிலேயே காட்டுதல் முந்திக்கொள்கிறது. மாறாக, ஒவ்வொருவரும் தமக்குள் மூன்று வினாக்களை எழுப்பலாம். நாம் செய்யும் நன்மை நம்மவரல்லாத ஒருவருக்குக் கைம்மாறு கருதாது சென்று சேருகிறதா? நம்மவர் செய்யும் தீமையை நம்மவர் நடுவே நின்று கூற நமக்கு நாவுண்டா? நாம் இல்லாத இடத்தில், நம் பெயரையே அறியாத ஒருவர், நாம் விட்ட வேலையைத் தம் வழியிலே தொடர்வாரா?

காரைதீவிலிருந்து சாய்ந்தமருதுக்குச் செல்லும் வீதியிற் பாடசாலை விடும் நேரத்தில் நின்று பார்த்தால், வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் இரு திசையிலும் செல்வதைக் காணலாம். ஒரு காலத்திற் கல்முனைக்குப் படிக்கச் சென்ற சிறுவன் மயில்வாகனமும் இக்கரையோரமாகத்தான் சென்றிருப்பான். அவனுக்குக் கற்பித்தோரிற் பலரின் பெயரை இன்று எவரும் அறியார். அவர்கள் நினைத்தது வேறாக இருக்கலாம், விளைந்தது இது. நம் வகுப்பறையில் நாளைக் காலை எழுந்து நின்று வணக்கம் சொல்லப்போகும் பிள்ளைகளும் நம்மைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். அவர்களுக்காக நாம் நடிக்க வேண்டியதில்லை. நேர்மையாக வாழ்ந்தாற் போதும்.